வெட்டிய மலை, தோண்டிய மண்

மலேசியாவின் ஈப்போ நகரிலிருந்து தெற்கே போகும் பழைய சாலையில் குனோங் ராபாட்டை நெருங்கும்போது மலை சட்டென்று முன்னால் வந்து நிற்கும். அடிவாரம், சரிவு, மேடு என்று மெல்ல உயரும் மலை அல்ல. சமதரையிலிருந்து நேராக எழும்பிய சுண்ணாம்புப் பாறை. வெள்ளையும் சாம்பலும் காவியுமாக நிறம் வழிந்திருக்கும். கால் வைக்க இடமில்லாத வெடிப்புகளிலும் செடிகள் வேர் பிடித்துத் தொங்கும். இந்தப் பக்கம் பார்த்தால் முழு மலை. அந்தப் பக்கம் சுற்றிப் போனால் கல்லுடைப்பு நடந்த இடத்தில் பாதி மலை இல்லை. இரண்டையும் பார்த்தால்தான் ஈப்போவைச் சுற்றிய கிந்தா பள்ளத்தாக்கைப் பார்த்ததாகும்.

அக்கா மகள் வேல்ஸ் நாட்டில், கார்டிஃப் நகரத்தில் படித்துவிட்டு வந்திருந்தாள். அங்கே விடுமுறை நாளில் தோழிகளோடு கிராமப்புறம் சுற்றிய கதைகளை வீட்டில் எல்லோருக்கும் சொன்னாள். பச்சைக் குன்றுகள், ஆட்டு மந்தைகள், பழைய கோட்டைகள் எல்லாம் வந்தன. ஆனால் அவள் திரும்பத் திரும்பச் சொன்னது பிளேனாவன் என்ற ஊரில் உள்ள நிலக்கரிச் சுரங்கத்தைப் பற்றி. 'பிக் பிட்' என்று பெயர். 1980இல் மூடிய சுரங்கத்தை அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். தலையில் கவசமும் விளக்கும் மாட்டி, கூண்டில் ஏற்றி, 90 மீட்டர் ஆழத்துக்குக் கீழே இறக்குகிறார்கள். கூட்டிக்கொண்டு போகிறவர்கள் முன்னாள் சுரங்கத் தொழிலாளிகள். “அவங்க கைய காட்டி, இங்கதான் நான் வேலை செஞ்சேன்னு சொல்றாங்க மாமா. அதுக்கு மேல என்ன வேணும்?” என்றாள்.

அந்தக் கேள்வியோடுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காரை எடுத்தோம். அவளும் நானும், கூடவே என் சித்தப்பாவும். சித்தப்பா பத்து காஜா வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, பால்மரம் வெட்டி வளர்ந்தவர். அவர் வாழ்ந்த பக்கத்தை அவர் வாயாலேயே கேட்டுக்கொண்டு சுற்றுவது என்று முடிவு.

முதலில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே கெக் லோக் தோங். குனோங் ராபாட்டின் வயிற்றுக்குள் இருக்கும் குகைக்கோயில் இது. 1920 வாக்கிலேயே இங்கே வழிபாடு இருந்திருக்கிறது. பிறகு 1960களில் இரும்புத்தாது தோண்டினார்கள். 1970களில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். உள்ளே நுழைந்ததும் வெளி வெயில் மறைந்து குளிர்ந்த காற்று முகத்தில் படும். கூரையிலிருந்து சுண்ணாம்பு விழுதுகள் இறங்கி நிற்கின்றன. அவற்றுக்குக் கீழே புத்தர் சிலைகள். குகை மலையைக் குடைந்துகொண்டு மறுபக்கம் திறக்கிறது. அங்கே குளமும் தோட்டமும் நடைபாதையும், சுற்றிலும் மலைகள். காலையில் சீனப் பெரியவர்கள் கைகால் வீசி உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. ஈப்போவில் ஓர் இடம் மட்டும் பார்க்க நேரமிருக்கிறது என்பவர்களை நான் இங்கேதான் அனுப்புவேன்.

இந்தக் கல்லின் கதை தெரிந்தால் மற்றதெல்லாம் விளங்கும். கிழக்கே தித்திவங்சா, மேற்கே கிளேடாங், இரண்டும் கருங்கல் மலைத்தொடர்கள். நடுவில் பள்ளத்தாக்கில் கிடப்பது பழங்காலக் கடலடியில் படிந்த சுண்ணாம்பு. அதன் வயது 25 கோடி முதல் 40 கோடி ஆண்டுகள் வரை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசாகப் புளித்து, சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தது. கரையாமல் எஞ்சி நிற்பவை இந்த மலைகள். உள்ளே கரைந்த வழிகள்தான் குகைகள். தரைக்கு அடியிலும் அதே கல் கூரும் குழியுமாகக் கிடக்கிறது. கருங்கல் மலைகளிலிருந்து ஆறுகள் அரித்துக்கொண்டு வந்த ஈயமணல் கனம் தாங்காமல் அந்தக் குழிகளில் தங்கியது. அதனால்தான் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் உலகமே கிந்தாவைத் தேடி வந்தது. பார்க்க அழகாக இருக்கிற மலையும், ஊருக்குச் சோறு போட்ட ஈயமும் ஒரே கல்லின் வேலை.

சாலையோரம் சாம் போ தோங். 1890களில் சீனத் துறவி ஒருவர் கண்டுபிடித்துத் தங்கிய குகை என்கிறார்கள். குகைக்குள் ஆமைக்குளம். முன்னால் சாலை நெடுகிலும் பம்பளிமாஸ் கடைகள். வலைப்பையில் கட்டி வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். சித்தப்பா இரண்டு பழத்தைக் கையில் வாங்கி எடை பார்த்து, கனமானதை எடுத்துக்கொண்டார். அளவுக்குக் கனம் இருந்தால் சாறு இருக்கும் என்பது அவர் கணக்கு.

பக்கத்திலேயே தாசேக் செர்மின். சில ஆண்டுகளாகப் படங்களில் பரவிப் பெயர் பெற்ற ஏரி. பாறையைக் குடைந்த சிறிய சுரங்க வழியில் குனிந்து போனால் நாலாபுறமும் மலைச்சுவர். நடுவே அசையாத பச்சைத் தண்ணீர். அதில் மலை தலைகீழாக நிற்கிறது. தோண்டி எடுத்த குழியில் நீர் ஊறி உண்டான ஏரி இது. சுற்றுவட்டாரத்தில் கல்லுடைப்பு இன்னும் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் சத்தம் குறைவு. வாரநாளில் வந்தால் லாரிகள் போகும் தூசிக்கு நடுவேதான் உள்ளே போக வேண்டும். அக்கா மகள் படகில் போனாள். நானும் சித்தப்பாவும் கரையில் நின்றோம்.

இந்தச் சுண்ணாம்பை எதற்கு உடைக்கிறார்கள் என்று அவள் கேட்டாள். சிமெண்டுக்கு, சாலைக்கு, சாயத்துக்கு, காகிதத்துக்கு, பிளாஸ்டிக்குக்கு, பற்பசைக்கு. சிம்பாங் பூலாய் பக்கத்துச் சுண்ணாம்பு மிகத் தூய்மையானது என்று பெயர் வாங்கியது. கல்லுடைப்பையே நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதில் வேலை செய்யும் குடும்பங்கள் என் தெருவில் இருக்கின்றன. ஆனால் எந்த மலையை உடைக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று ஒரு கோடு கட்டாயம் வேண்டும். ஒரே ஒரு மலையில் மட்டும் வாழ்கிற நத்தைகள், செடிகள் இங்கே உண்டு. அந்த மலை போனால் அந்த உயிர் உலகத்திலிருந்தே போய்விடும். 2018இல் கிந்தா பள்ளத்தாக்கைத் தேசியப் புவிப்பூங்காவாக அறிவித்தார்கள். நல்ல காரியம். அந்த அறிவிப்பு ஒவ்வொரு மலையின் அடிவாரம் வரை வந்து சேர வேண்டும்.

மலையோடு ஒட்டி வாழ்வதன் விலையையும் ஈப்போ கொடுத்திருக்கிறது. 1973 அக்டோபர் 18 அன்று குனோங் செரோவில் ஒரு பெரும்பாறை பிளந்து அடிவாரத்து வரிசை வீடுகள் மேல் விழுந்தது. சுமார் 40 பேர் இறந்தார்கள். கல்லுமலை சுப்பிரமணியர் கோயில் இருக்கும் அதே மலைதான். தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துப் போகும் நம் சனங்களுக்குப் பழக்கமான இடம். நான் இதைச் சொன்னதும் அக்கா மகள் வேல்ஸில் உள்ள அபர்ஃபானைச் சொன்னாள். 1966 அக்டோபரில் நிலக்கரிக் கழிவுமேடு சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியதில் 144 பேர் போனார்கள், அதில் 116 பேர் பிள்ளைகள். காரில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

சிம்பாங் பூலாயில் திரும்பி பத்து காஜா சாலையில் போனால் இரண்டு பக்கமும் செம்பனை. சித்தப்பா கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். “இதெல்லாம் பால்மரம்” என்றார். அவர் கண்ணுக்கு இன்னும் பால்மரம்தான்.

ஓர் ஆற்றின் மறுகரையில், மேட்டின் மேல், முடியாமல் நிற்கிறது கெல்லி மாளிகை. வில்லியம் கெல்லி சுமித் ஸ்காட்லாந்துக்காரர். 20 வயதில், 1890இல் மலாயாவுக்கு வந்தார். பத்து காஜா வட்டாரத்தில் சுமார் 1,000 ஏக்கர் காட்டை வாங்கி ரப்பர் நட்டு, கிந்தா கெல்லாஸ் தோட்டம் என்று பெயர் வைத்தார். 1909இல் முதல் வீடு. 1915இல் இந்தப் பெரிய மாளிகையைத் தொடங்கினார். சென்னையிலிருந்து 70 கைவினைஞர்களை வரவழைத்தார். கல்லும் செங்கல்லும்கூடக் கப்பலில் வந்தன. ஆறு மாடிக் கோபுரம், அதற்கு ஒரு மின்தூக்கி என்று திட்டம். 1926இல் ஐரோப்பா போனவர் லிஸ்பன் நகரில் நிமோனியா கண்டு இறந்தார். மனைவி தோட்டத்தை விற்றுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். கட்டடம் அப்படியே நின்றது.

சுற்றுலாக்காரர்கள் இங்கே பேய்க்கதைக்காக வருகிறார்கள். ரகசியச் சுரங்கவழி, இரவில் நடமாடும் துரை, மூடிய அறை. எனக்கு அந்தக் கதைகளில் ஈடுபாடில்லை. பூசாத செங்கல் சுவர்தான் என்னை நிறுத்தியது. வளைவு சன்னல்களின் விளிம்பில் செங்கல்லை எத்தனை நுணுக்கமாகச் சாய்த்து அடுக்கியிருக்கிறார்கள்! பூச்சு வேலை நடந்திருந்தால் இதெல்லாம் மறைந்துபோயிருக்கும். வேலை நின்றதால் கொத்தனாரின் கை வெளியே தெரிகிறது. கடல் தாண்டி வந்து, சாரம் கட்டி ஏறி, கரணையால் கலவையை வழித்துவிட்ட நம் ஆட்களின் கை. சித்தப்பா ஒரு வளைவின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தார்.

“துரை வீட்டுப் பக்கம் எங்களயெல்லாம் விட மாட்டாங்க. பெரிய கிராணி வீட்டு வாசல் வரைக்கும்தான்” என்றார். அவர் சொன்னது அவர் வளர்ந்த தோட்டத்தைப் பற்றி. மாளிகையின் மாடியில் நின்றுகொண்டுதான் பால்மரம் வெட்டும் வேலையை அக்கா மகளுக்கு விளக்கினார். விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். இருட்டோடு மரத்துக்குப் போய்விட வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓடாது. பட்டையை மேலிருந்து சாய்வாக, ஒரு சீவல் கனத்துக்கு மட்டும் எடுக்க வேண்டும். ஆழம் போனால் மரம் காயப்படும், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், கங்காணி பிடித்துக்கொள்வார். மேலோட்டமாகப் போனால் பால் வராது. பால் மங்கு என்ற கிண்ணத்தில் சொட்டி நின்ற பிறகு, வந்த வழியே திரும்பப் போய் வாளியில் சேர்க்க வேண்டும். மங்கில் உறைந்தது, பட்டையில் காய்ந்தது எல்லாம் தனிக்கணக்கு. மழை பெய்தால் வேலை இல்லை. வேலை இல்லை என்றால் கூலி இல்லை. “எங்கம்மா கைப்பிள்ளைய ஆயாக் கொட்டாய்ல விட்டுட்டு ஓடும். நாங்க பெரிய பசங்க மங்கு தொடைக்கப் போவோம். அப்புறம்தான் பள்ளிக்கூடம்.”

சுற்றி நின்ற இரண்டு மூன்று மலாய்க்குடும்பங்களும் கவனித்தன. ஒரு பிள்ளை கேட்ட கேள்விக்குச் சித்தப்பா மலாயில் பதில் சொன்னார். பிளேனாவனில் அக்கா மகள் கண்டது அந்தப் பத்து நிமிடத்தில் இங்கே நடந்தது. அதற்குச் சீட்டும் இல்லை, ஏற்பாடும் இல்லை.

மாளிகையிலிருந்து கொஞ்ச தூரத்தில் தோட்டத்து மாரியம்மன் கோயில். இந்தப் பக்கம் வருகிறவர்களில் பாதிப்பேர் இதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். முதல் உலகப்போர் முடியும் சமயத்தில் உலகம் முழுவதும் பரவிய ஸ்பானியக் காய்ச்சல் இங்கேயும் வந்தது. மாளிகை வேலையில் இருந்தவர்கள் சாகத் தொடங்கினார்கள். மாரியம்மனுக்குக் கோயில் கட்டினால்தான் நோய் விலகும் என்று தொழிலாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். கெல்லி சுமித் சம்மதித்துக் கட்டிக்கொடுத்தார். அதற்கு நன்றியாக, கோயிலின் மேல்தளத்தில் சாமி சுதைகளோடு, கோட்டும் தொப்பியும் போட்ட ஒரு வெள்ளைக்காரர் உருவத்தையும் வைத்தார்கள். இன்றும் நிற்கிறது.

“தாத்தா, இவரும் சாமியா?” என்று அக்கா மகள் கேட்டாள்.

“சாமி இல்லம்மா. தொர. கோயில் கட்டக் காசு குடுத்தவரு. நம்ம ஆளுங்க செஞ்ச நன்றிய மறக்கமாட்டாங்க.”

நான் அந்த உருவத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கொடுத்தவரை மறக்காமல் மேலே ஏற்றி வைத்த அந்த மனசு பெரிது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் காய்ச்சலில் போனவர்கள் யார், எந்த ஊர்க்காரர்கள், எத்தனை பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனார்கள் என்று எங்கே போய்த் தெரிந்துகொள்வது? மாளிகைக்குக் கட்டியவரின் பெயர் இருக்கிறது. சுவரை எழுப்பியவர்களுக்கு இந்தக் கோயில்தான் பெயர்ப்பலகை. ஆகையால் மாளிகைக்குச் சீட்டு வாங்குகிற ஒவ்வொருவரையும் கோயிலுக்கும் அனுப்ப வேண்டும் என்கிறேன். இரண்டும் ஒரே கட்டடத்தின் இரண்டு பாதி.

தோட்டங்களின் பிற்காலக் கதையைச் சித்தப்பாதான் சொன்னார். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். லயத்தில் இருந்தவர்களுக்கு வேலையும் போய் வீடும் போனது. அந்த நேரத்தில்தான், 1960இல், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடமே பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார். சித்தப்பாவின் அப்பாவும் பணம் கட்டியவர். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் இடிந்தன. கோயில்கள் மட்டும் அங்கங்கே நிற்கின்றன. செம்பனைக் காட்டுக்கு நடுவே திடீரென்று ஒரு சிறிய கோபுரம் தெரிந்தால், அங்கே ஒரு லயம் இருந்தது என்று கணக்கு.

பத்து காஜா தாண்டித் தெற்கே கொஞ்ச தூரம் போனால் தஞ்சோங் துவாலாங் ஈயக்கப்பல். ஐந்தாம் எண். 1938இல் இங்கிலாந்து நிறுவனம் ஒன்றின் வடிவமைப்பில் கட்டியது. எடை 4,500 டன். 75 மீட்டர் நீளம், 35 மீட்டர் அகலம். தகரமும் இரும்பும் துருவுமாக ஒரு பெரிய தொழிற்சாலை தண்ணீரில் மிதக்கிறது. வாளிகள் கோத்த இரும்புச் சங்கிலி குளத்தின் அடிக்கு இறங்கி மண்ணைக் கோரும். மேலே கொண்டுபோய்க் கொட்டும். அங்கே தண்ணீர் அடித்துச் சல்லடையில் அலசுவார்கள். கனமான ஈயமணல் தங்கும், மற்றது பின்பக்கம் வெளியே போகும். முன்னால் தோண்டி, பின்னால் மூடி, தன் குளத்தையும் கூடவே நகர்த்திக்கொண்டு இந்தக் கப்பல் தரைமேல் நடந்திருக்கிறது. 1982இல் நின்றது. மூன்று ஆண்டு கழித்து, 1985 அக்டோபரில், உலகச் சந்தையில் ஈயத்தின் விலை சரிந்தது. கிந்தாவில் லம்பங்கள் என்ற ஈயச்சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. ஈப்போவின் இளைஞர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பேருந்து ஏறியது அந்த நாட்களில்தான். இன்று சாலையோரம் நாம் படம் எடுக்கிற ஏரிகளில் பல, அப்படி விட்டுப்போன ஈயக்குட்டைகள்.

அக்கா மகள் படித்த வேல்ஸின் வடமேற்கில் மலைமலையாக ஸ்லேட் கல் வெட்டிய நிலப்பரப்பை 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வெட்டுக்காயம் பட்ட மலைகளோடு கல்வெட்டிகள் குடியிருந்த ஊர்களும் கல் ஏற்றிய ரயில் பாதைகளும் சேர்த்தே அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கிந்தாவுக்கும் அப்படி ஒரு பார்வை வேண்டும். குகை தனி, மாளிகை தனி, கப்பல் தனி என்று பிரித்துக் காட்டினால் வருகிறவர் படம் எடுத்துக்கொண்டு போவார். மலையையும் மண்ணையும் மரத்தையும் வெட்டியவர்களின் கதையாகச் சொன்னால், கேட்க உட்காருவார். கோப்பேங் பக்கம் உலு கெரோவில் ரஃப்ளேசியா பூ பார்க்கப் போகிறவர்களைச் செமாய் பூர்வகுடி மக்களே காட்டுக்குள் கூட்டிப் போகிறார்கள். வழி ஏற்கெனவே இருக்கிறது.

திரும்பும்போது பாப்பான் ஊர் வழியாக வந்தோம். ஒரு காலத்தில் ஈயத்தால் செழித்த தெரு. இப்போது பல கடைவீடுகளின் சுவரை ஆலமர வேர் பிடித்திருக்கிறது. 74ஆம் எண் வீட்டில்தான் சிபில் கார்த்திகேசு மருந்தகம் நடத்தினார். 1899இல் மேடானில் பிறந்த தாதி. கணவர் இலங்கைத் தமிழ் மருத்துவர். ஜப்பானியர் ஆட்சியில் காட்டுக்குள் இருந்த போராளிகளுக்கு ரகசியமாக மருந்து கொடுத்தார். மறைத்து வைத்த வானொலியில் செய்தி கேட்டார். 1943இல் பிடிபட்டார். எத்தனை சித்திரவதை செய்தும் ஒரு பெயரைக்கூட அவர் சொல்லவில்லை. போருக்குப் பின் சிகிச்சைக்குப் பிரிட்டனுக்குப் போனவர், அங்கே ஜார்ஜ் பதக்கம் பெற்று, 1948 ஜூனில் இறந்தார். அந்த வாசலில் நின்றபோது சித்தப்பா செருப்பைக் கழற்றினார். நாங்களும் கழற்றினோம்.

லாஹாட், மெங்லெம்பு வழியாகப் புந்தோங் வந்து சேர்ந்தபோது மணி ஐந்து. கச்சாங் பூத்தே கம்பத்தில் எண்ணெய் வாசனை தெரு முனைக்கே வந்துவிட்டது. எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் கடலையும் பட்டாணியும் முறுக்கும் ஓமப்பொடியும் செய்து மலேசியா முழுவதற்கும் அனுப்புகிற இடம். அக்கா மகள் ஒரு கடையில் உட்கார்ந்து அந்த அம்மாவிடம் மாவுப் பக்குவம் கேட்க ஆரம்பித்துவிட்டாள். அவர் பொட்டலம் கட்டிக்கொண்டே, மாமியார் காலத்து விறகடுப்பிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். சித்தப்பா பக்கத்துப் பெஞ்சில் தேநீரோடு உட்கார்ந்து, அந்த அம்மாவின் மாமனார் எந்தக் கப்பலில் வந்தார் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

அங்கேயே ஒரு முடிவும் ஆனது. வருகிற பள்ளி விடுமுறையில் எங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை இதே வழியில் கூட்டிப்போகிறோம்; கதை சொல்லப் போகிறவர் சித்தப்பா. அவர் கேட்டது இரண்டு: ஒரு வெட்டுக்கத்தி, பால் வடியும் ஒரு மரம். கத்தியை மெங்லெம்புவில் பழைய இரும்புக்கடையில் வாங்கிவிட்டோம். மரம் இன்னும் கிடைக்கவில்லை. கிந்தா வட்டாரத்தில் சிறுதோட்டம் வைத்து இன்னும் பால் வெட்டுகிறவர்கள், ஒரு காலைப்பொழுது நாற்பது பிள்ளைகளை உள்ளே விடச் சம்மதித்தால், குனோங் ராபாட்டில் எங்களுக்குத் தகவல் சொல்லி அனுப்புங்கள்.